நான்காவது மாத்திரை

“மூணு மாடி ஏறணும், அவ்வளவுதானேம்மா? காலைச் சரி பண்ணிட்டா ஏறிடுவே. இங்கேயே கிடந்து தேயணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?”

“முதல் தடவை சரி பண்ணின லட்சணத்தைத்தான் தினமும் பாக்கறேனே. உனக்கென்னடி, வாய் வலிக்காம சொல்லிடுவே. வெட்டப் போறது என் கால்.”

முன்னறையில் அம்மாவும் மகளும் இப்படிக் குரல் உயர்த்திக்கொண்டிருந்தபோது நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு, என் காது கூர்மை. இரண்டுக்கும் நான் பொறுப்பில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். ஆரம்பம் என்றால் அந்தச் சண்டைதான்.

அந்த அம்மாவை நான் சின்னவள் என்பேன். என் ஓரகத்தி, என் கணவரின் தம்பி மனைவி. முப்பத்தோரு வருஷம் அவள் மாடியில், நான் கீழே. அண்ணன் தம்பி இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்குக் குழந்தை கிடையாது. அவளுக்கு ஒரே மகள். வேறு ஊரில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சின்னவளுக்கு வலது முழங்காலில் செயற்கை மூட்டு வைத்தார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை, வேறொன்றில். தையல் போட்ட இடம் இரண்டு வாரம் கசிந்தது. அப்புறம் ஆறியது, வலி மட்டும் ஆறவில்லை. மாடிப்படி ஏற முடியாமல் போனதால் கீழே என்னோடு வந்துவிட்டாள்.

அந்த ஐந்து வருஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்த மருமகள் எந்தப் பெட்டியோடு போனாள் என்பதெல்லாம் எனக்கு எப்படியோ தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்வது, சொல்ல ஆள் வேண்டாமா? மற்றவர்கள் பாதியில் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போவார்கள். சின்னவள் முழுசாகக் கேட்பாள். கால் அப்படி, வேறு வழியும் இல்லை. ஆனாலும் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள்.

அன்றைய சண்டையில் நான் மகள் பக்கம்தான் பேசினேன். பீன்ஸ் தட்டோடு முன்னறைக்குப் போய், “பயப்படாம பண்ணிக்கோ, நான் இருக்கேன்ல” என்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பெரியம்மா சொன்னாத்தான் அம்மா கேப்பா” என்றாள். அது உண்மை.

உங்கள் டாக்டரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. மற்ற இடங்களில் வைத்துக் கெட்டுப்போன மூட்டுகளை எடுத்துவிட்டுத் திருத்தி வைப்பதே அவர் வேலை என்று வெளியே காத்திருந்தவர்கள் சொன்னார்கள். பாதிப் பேர் ஊன்றுகோல், பாதிப் பேர் சக்கர நாற்காலி. யாரைப் பார்த்தாலும் இது இரண்டாவது, எனக்கு மூன்றாவது என்று ஏதோ பிள்ளைப்பேறு மாதிரி எண்ணிச் சொன்னார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பழைய மூட்டு எலும்போடு ஒட்டாமல் ஆடுகிறதாம். சும்மா தளர்ந்திருந்தால் ஒரே தடவையில் எடுத்துவிட்டுப் புதிதை வைக்கலாம். உள்ளே கிருமி இருந்தால் அப்படிச் செய்யக் கூடாது. பழையதை எடுத்து, மருந்து கலந்த சிமெண்ட் கட்டியை மூன்று மாதம் வைத்து, கிருமி செத்த பிறகுதான் புதிய மூட்டு. எது என்று தெரிய முழங்காலிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு மாத்திரை கொடுப்பது யார் என்று கேட்டார். சின்னவளுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கல். நாள் எழுதிய மாத்திரை டப்பாவில் காலைக்கு மூன்று, மாலைக்கு மூன்று என்று வாரா வாரம் நிரப்புவது நான்தான்.

“அப்ப உங்ககிட்டதான் சொல்றேன். நீர் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எந்த ஆன்டிபயாட்டிக்கும் போடக் கூடாது. போட்டா கிருமி செத்துடாது, ஒளிஞ்சுக்கும். இல்லைன்னு நம்பி நான் புது மூட்டை அது மேலேயே வச்சிடுவேன். அப்புறம் நான் என்ன பண்ணினாலும் கால் தேறாது.”

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன். எனக்குப் பல் வலி வந்தபோது எழுதிக் கொடுத்த பழைய சீட்டு இருந்தது. கடைக்காரர் எங்கள் தெருதான். ஏன், எதற்கு என்று என்னைக் கேட்க மாட்டார். அவர் மகள் பேருந்து நிறுத்தத்தில் யாரோடு நிற்கிறாள் என்று நானும் அவரைக் கேட்டதில்லை. மாத்திரை மஞ்சளாக, சின்னதாக இருந்தது. டப்பாவில் காலைக்கு நான்கு, மாலைக்கு நான்கு ஆயிற்று.

பார்வை மங்கலே தவிர அவள் விரல் மங்கல் இல்லை. இரண்டாம் நாளே உள்ளங்கையில் தடவி எண்ணினாள்.

“என்னக்கா, ஒண்ணு கூட இருக்கு?”

“சத்து மாத்திரை. எலும்புக்கு.”

“நீ குடுத்தா சரி” என்று போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

ஏன் கொடுத்தேன் என்றால், அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது இது: கிருமி என்று வந்தால் இரண்டு ஆபரேஷன், நடுவில் மூன்று மாதம் கால் ஊன்றாமல் கிடக்க வேண்டும். கிருமி இல்லையென்றால் ஒன்றோடு போயிற்று. பாவம், அவளுக்கு ஒன்று போதும். இதைக் கேட்டு நீங்களும் தலையாட்டுகிறீர்கள். நானும் அப்படித்தான் பல நாள் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் படிக்காதவள் இல்லை. அவர் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் என் காதில் நின்றது. கால் தேறாது. கால் தேறாவிட்டால் மூன்று மாடி ஏற முடியாது. அவள் வலியில் துடிக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. இப்போது இருக்கிற வலி அப்படியே இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அது பெரிய ஆசையா என்று நீங்களே சொல்லுங்கள்.

நீரில் ஒன்றும் வளரவில்லை என்று அறிக்கை வந்தது. ரத்தத்தில் மட்டும் கிருமிக்கு அடையாளமான ஏதோ ஒன்று கொஞ்சம் அதிகமாக இருந்ததாம். டாக்டர் நெற்றியைச் சுருக்கினார், பிறகு அறிக்கையை நம்பினார். ஆபரேஷன் நாள் வரைக்கும் மாத்திரையை நிறுத்தவில்லை. உள்ளே வெட்டி எடுத்த துணுக்கிலும் ஒன்றும் வளரவில்லை. அதற்கப்புறம் நிறுத்திவிட்டேன். வேலை முடிந்த பிறகும் கொடுக்க நான் என்ன கொடுமைக்காரியா?

ஆறு வாரத்தில் சின்னவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தாள். பயிற்சி கொடுக்க வந்த பெண் கைதட்டினாள். மகள் போனில் அழுதாள். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் இல்லை. மாத்திரையால் ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது, டாக்டர் சும்மா பயமுறுத்தியிருக்கிறார் என்று கூட நினைத்தேன். ஒன்பதாவது வாரம் முழங்கால் சிவந்து, தொட்டால் அடுப்புச் சட்டி மாதிரி சுட்டது.

திறந்து பார்த்ததில் எலும்பு பஞ்சாகியிருந்ததாம். புதிய மூட்டை எடுத்தார்கள், சிமெண்ட் கட்டி வைத்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள். காலை அசைக்கும்போதெல்லாம் சின்னவள் என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. தாழ்வாரத்தில் டாக்டர் என்னை நிறுத்தினார். அவ்வளவு பெரிய மனுஷர், சொல்லிக்கொடுங்கள் என்கிற மாதிரி நின்றார்.

“அந்தப் பதினாலு நாள்ல வேற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா? திட்ட மாட்டேன், சொல்லுங்க. எனக்குப் புரியல.”

“நீங்க சொன்னது மட்டும்தான் டாக்டர்.”

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் சொல்லிவிட்டால் சின்னவள் அந்த அறையில் என் கையை விட்டுவிடுவாள்.

மூன்று மாதம் கழித்துப் புதிய மூட்டு வைப்பதற்கு முன்னால் கிருமி போய்விட்டதா என்று மறுபடி நீர் எடுத்தார்கள். மறுபடி இரண்டு வாரம் மாத்திரை கூடாது என்றார்கள். அப்போதும் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். கொடுத்தேன். இந்த முறை கிருமி தெரிந்துவிட்டால், போன முறை ஏன் தெரியவில்லை என்று தோண்டுவார்களே. வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள். மறுபடி ஒன்றும் வளரவில்லை, மறுபடி புதிய மூட்டு, மறுபடி சிவப்பு. கடைசியில் மூட்டு வைக்க எலும்பே மிஞ்சவில்லை என்று தொடையிலிருந்து கணுக்கால் வரை கம்பியைச் செலுத்திக் காலை ஒரே கட்டையாக்கிவிட்டார்கள். இனி அது மடங்காது.

இரண்டு தடவையும் ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்ட பரிசோதனைக்கூடத்துப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கினீர்கள். அவள் சரியாகத்தான் பார்த்தாள். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்: மாத்திரை கொடுத்தது நான், தெரிந்தே கொடுத்தது நான்.

இது தெரிந்து இனி அந்தப் பரிசோதனைக்கூடத்துப் பெண்ணுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. லாரி ஓட்டுகிறவர் ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டாளாம். அங்கே ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்று கேள்வி. பயிற்சி கொடுத்த பெண் வெளிநாடு போய்விட்டாள். எங்கள் மாடியில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடிவந்திருக்கிறது. கதவைத் திறப்பதே இல்லை.

மகள் மூன்றாவது மாடியை விட்டுவிட்டுத் தரைத்தளத்தில் வீடு பிடித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காரின் பின்சீட்டில் காலை நீட்டிப் படுக்க வைத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். கிளம்பும்போது சின்னவள் என் முகத்தைத் தடவிப் பார்த்து, “இனி யார்கிட்டக்கா பேசுவே?” என்று மட்டும் கேட்டாள்.

வாரம் இரண்டு தரம் போன் போடுகிறேன். மகள்தான் எடுக்கிறாள். அம்மா தூங்குகிறாள் என்கிறாள். எந்த நேரத்தில் போட்டாலும் தூக்கம்தான். கால் அவ்வளவு படுத்துகிறது போலிருக்கிறது, பாவம். இல்லாவிட்டால் என்னிடம் பேசாமல் அவளால் இருக்க முடியாது.