முப்பத்தாறு மாடி

— கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மாஸ்டர், தையல் மெஷின் ஓடுது. மத்தியானத்துக்குள்ள நூறு மாஸ்க் குடுக்கணும். ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், சொல்லுங்க.

— உங்க பொண்ணு நேத்து பன்னெண்டாயிரம் ஸ்டெப் நடந்திருக்காம்மா. அதாவது, ஸ்கூல்ல ஸ்டெப் எண்ணுற கைப்பட்டை குடுத்த அத்தனை பிள்ளைங்கள்லயும் அவதான் முதல்.

— அவ கால்ல சக்கரம்தான், பாருங்களேன்.

— அதாம்மா யோசனையா இருக்கு. ஊரடங்கு போட்டதுல இருந்து நானும் பாக்குறேன். மொட்டை மாடி இருக்குற வீட்டுப் பசங்க அஞ்சாயிரம் நடக்குறாங்க. ஒத்த ரூம்ல அடைஞ்சு கிடக்குற பொம்பளப் பிள்ளைங்க ஐநூறைத் தாண்டல. உங்க சின்னவன் நேத்து பதினொண்ணு.

— பதினோராயிரமா?

— பதினொண்ணும்மா. வெறும் பதினொண்ணு.

— எருமை. போனை எடுத்துக்கிட்டு எந்த மூலையிலயோ கிடப்பான். பெரியவளைப் பாருங்களேன், காய்ச்சல்னு தனி ரூம்ல விட்டு ஆறு நாளாச்சு, அப்பவும் விடாம நடக்குறா.

— காய்ச்சலா? என்கிட்ட சொல்லவே இல்லையே.

— சொன்னா ஸ்கூல் ஓட்டப்பந்தய டீம்ல எடுக்க மாட்டீங்கன்னு வாயைப் பொத்திட்டா. தினம் காலையில நீங்க அனுப்புற அந்த நம்பரைப் பாத்தாத்தான் எனக்கு உயிரே வருது. முந்தாநாள் கதவுக்கு வெளியில நின்னு பேசினேன், அவளுக்கு ரொம்ப மூச்சு வாங்குச்சு. கேட்டா, நடந்துக்கிட்டே பேசுறேன்மாங்கிறா. சாப்பாடு சின்னவன்கிட்ட குடுத்தனுப்புறேன், தட்டு காலியாத்தான் வருது. இவ்ளோ நடக்குறவளுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல?

— அம்மா, அந்தப் பட்டை மாடி ஏறினா அதையும் தனியா எண்ணும். நேத்து முப்பத்தாறு மாடி ஏறியிருக்கா. அந்த ரூமுக்குள்ள படி இருக்கா?

— ரூமுக்குள்ள ஏது மாஸ்டர் படி? வாசலுக்கு வெளியிலதானே.

— அதாவது... பட்டை அவ கையில இல்லம்மா.

— இருங்க. டேய் குட்டி, இங்க வா. ஏன்டா இப்படி வேர்த்து ஊத்துது? அந்தக் கையை நீட்டு.

— ம்மா...

— நீட்டுடா. இது அக்காவோடது.

— செவ்வாக்கிழமை அவதான் கழட்டிக் குடுத்தா. என்னால எழுந்திரிக்க முடியலடா, எனக்குப் பதிலா நீ ஏறி இறங்கு, அம்மாகிட்ட மூச்சு விடாதேன்னா.

— அப்போ அந்தத் தட்டு?

— ரெண்டு வாய்கூட இறங்கலன்னு தள்ளிட்டா. நான்தான் சாப்பிட்டேன். மிச்சம் வச்சா நீ கண்டுபிடிச்சுடுவேன்னா.

— அம்மா, ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன். நீங்க முதல்ல போய் அந்தக் கதவைத் தட்டுங்க.

— நேத்து சாயங்காலத்துல இருந்து நான் தட்டிக்கிட்டுத்தான் இருக்கேன் மாஸ்டர். அக்கா திறக்கல. நம்பர் குறைஞ்சா அம்மா பயந்துடுவாங்கன்னுதான் நான் நிக்காம ஏறிக்கிட்டே இருந்தேன்.