வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ளே

எனக்கு ராகு காலத்துல நம்பிக்கை கிடையாதுங்க வக்கீல் சார். நாங்க லுத்தரன் சபைக்காரங்க, நாள் கிழமை பார்த்தா எங்க அம்மா திட்டும். ஆனா பட்டுக்கோட்டையில மிஷின் விக்கிறவன் தினசரி காலண்டரைப் பார்க்காம ஒண்ணுகூட விக்க முடியாது. கிளாட்சன்னு பேர் வச்சுக்கிட்டு அஷ்டமி நவமி சொல்றானேன்னு கடையில கேலி பண்ணுவாங்க.

வீரையன் அண்ணனுக்குக் கதிரடிக்கிற மிஷின் வித்தது நான்தான். மகன் பரணிதரன் சிங்கப்பூர்ல வெல்டிங் வேலை பார்த்து அனுப்பின காசு. முதல் குறுவை அறுப்புலயே ஓடுற பெல்ட்டு அண்ணன் சட்டையைப் பிடிச்சு இழுத்துருச்சு. வலது கை முழங்கையோட போச்சு. பாவம், நல்ல மனுஷன். ஆஸ்பத்திரிக்கு முதல்ல ஆரஞ்சு வாங்கிட்டுப் போனது நான்தான், அதை யாரும் சொல்ல மாட்டாங்க.

நஷ்ட ஈடு விஷயத்தைச் சென்னையில கம்பெனி வைக்கிற மத்தியஸ்தரே தீர்த்து வைக்கட்டும்னு அண்ணன்கிட்டச் சம்மதம் எழுதி வாங்கச் சொன்னாங்க கம்பெனியில. வாங்குறதுக்கு முன்னாடி, இது கட்டாயமில்லை, நீங்க தஞ்சாவூர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம், வக்கீல்கூட வேண்டாம், இதுக்குச் சம்மதிச்சுட்டா அப்புறம் அங்க போறது கஷ்டம்னு வாயால எடுத்துச் சொல்லணும். அப்படிச் சொன்னதா அந்தச் சம்மதத் தாள்ல நானும் கீழே கையெழுத்து போட்டிருக்கேன்.

போனது வெள்ளிக்கிழமை காலையில. மறுநாள் அஷ்டமி, அதுக்கு மறுநாள் நவமி. யோசிச்சுத்தான் அந்த நாளை எடுத்தேன். மோர் குடிச்சேன், சம்பா நடவு பத்தி விசாரிச்சேன், மேட்டூர்ல தண்ணி எவ்வளவு கிடக்குன்னு பேசினேன். பத்தே காலுக்கு மேலதான் தாளை வெளிய எடுத்தேன். பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும், சீக்கிரம் குடுங்க தம்பின்னு அண்ணன்தான் அவசரப்பட்டாரு. நான் தூண்டவே இல்லை.

அவர் சம்சாரம் ராஜாத்தி அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஆஸ்பத்திரியிலயும் அதே பார்வைதான், எனக்கு அப்பவே பிடிக்கலை. சாயங்காலம் மகன் போன் பண்ணும், அதை ஒரு வார்த்தை கேட்டுக்குவோமேன்னாங்க. அப்புறம் நேராவே கேட்டுட்டாங்க.

"தம்பி, இதை விட்டா எங்களுக்கு வேற வழி இல்லையா?"

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான். நல்ல நேரத்துல குறுக்க பேசாதேன்னு அண்ணன் அவங்க மேல எரிஞ்சு விழுந்தாரு. கையெழுத்து போடுற கை இல்லையே, அதனால இடது பெருவிரலை நானே மையில தொட்டு வச்சேன். சட்டப்படி அது செல்லும்.

அண்ணனோட கவனக்குறைவுன்னு தீர்ப்பு வந்துச்சு. சென்னையில யாரும் மிஷினைப் பார்க்கலை, கம்பெனி புத்தகத்துல இருக்கிற படத்தைத்தான் பார்த்தாங்க. தஞ்சாவூர்னா வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்த்திருப்பாங்க.

பரணிதரன் ஊருக்கு வந்து உங்களை வச்சதுல எனக்கு வருத்தமில்லை சார். இப்ப உங்க மேசை மேல இருக்கிற தகர மூடி எங்க கடைப் பின்கட்டுல எடுத்ததுதான். பெல்ட்டுக்கு மேல இருக்க வேண்டியது. ஓட்டிக் காட்டும்போது கடகடன்னு ஆடிச்சு, வாங்க வந்தவங்க முகம் சுளிச்சாங்க. கழட்டச் சொன்னது நான். திருப்பி மாட்டாமலே அண்ணனுக்கு அனுப்பினதும் நான்.

அக்கா கேட்டதுக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்லியிருக்கலாம்தான். இருக்குக்கா, தஞ்சாவூருக்குப் போங்கன்னு. சொல்லியிருந்தா அவங்க கண்டிப்பா போயிருப்பாங்க. அதனாலதான் சொல்லலை.