கர்சர் ஒரு வரி தள்ளி நின்றது

எங்கள் அலுவலகத்தில் யாரும் யாருடைய மேசையிலும் உட்கார்ந்து வேலை செய்யலாம். எல்லாக் கணினியிலும் நாங்கள் புரோகிராம் எழுதும் எடிட்டர் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். எந்தக் கீயைத் தட்டினால் கர்சர் எங்கே போக வேண்டும், எடிட்டரோடு ஒட்டவைக்கும் எந்த பிளகின் இருக்கலாம், எது கூடாது என்பதையெல்லாம் நான் என் நாற்காலியில் இருந்தபடியே எல்லோருக்கும் அமைத்துக் கொடுப்பேன். அதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. தண்ணீர் வருகிறவரை குழாய் போட்டவனை யார் நினைக்கிறார்கள்?

நாங்கள் எழுதுவது லிஃப்ட்களை இயக்கும் புரோகிராம். கதவு திறந்து மூடும் பகுதி முழுக்க நான் எழுதியது. மின்னல் என்று நாங்கள் கூப்பிடும் பையன் வந்து அதைத் திருத்தி எழுதினான். தட்டச்சு வேகத்துக்காக அந்தப் பெயர். கண் திரையில் இருக்காது, பக்கத்தில் வைத்த வரைபடத்தில் இருக்கும். கீழ் அம்புக் கீயை மூன்று தட்டுத் தட்டினால் மூன்று வரி இறங்கும் என்பதில் அவன் விரலுக்குச் சந்தேகமே கிடையாது.

திருத்தி முடித்ததும் எல்லோரும் இருந்த கூட்டத்தில் சொன்னான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒட்டடைதான் அடிச்சேன். அடிச்சு முடிச்சுப் பார்த்தா வீட்டையே காணோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் இதைக் காரணம் என்று விசாரணைத் தாளில் குறித்துக்கொள்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். இது காரணம் இல்லை.

கொஞ்ச நாளில் அவனே ஒரு பிளகின் கேட்டான், அவன் கணினியில் மட்டும் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் வந்து நின்றான். "அண்ணே, கர்சர் சொன்ன எடத்துக்குப் போக மாட்டேங்குது. ஒரு வரி தள்ளிப் போய் நிக்குது. எப்பவும் இல்ல, சில நேரம்."

டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். நீளமான வரி திரையில் மடிந்து இரண்டாகத் தெரியும். பழைய பிளகின், கீழ் அம்பைத் தட்டினால் மடிப்பைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகும். புதியது, மடிந்த பாதியில் நிற்கும். ஒரே கீயை இரண்டும் பிடித்துக்கொண்டிருந்தன, ஒரே உறையில் இரண்டு கத்தி. கோப்பைத் திறந்ததும் ஒன்றின் ஆட்சி, சேமித்ததும் மற்றதன் ஆட்சி. ஒன்றை அணைத்தால் தீர்ந்தது.

"என் மெஷின்ல சரியாத்தானே இருக்கு" என்றேன். அது உண்மை. என் கணினியில் புதியது இல்லை.

அவன் எழுதியவை வேறு வரிகளில் போய் விழுந்தன. பின்கட்டில் இருக்கும் சோதனை லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்று வாயைத் திறந்தது. மேனேஜர் அவன் பின்னால் வந்து நின்று டைப் அடிக்கச் சொன்னார். நான் என் இடத்திலிருந்து ஒரு பிளகினை அணைத்தேன். கர்சர் பசு மாதிரி நடந்தது. "ராத்திரி ஒழுங்காத் தூங்குப்பா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். நான் அதை மறுபடி போட்டேன். ஒவ்வொரு முறையும் இப்படித்தான். கண்ணால் பார்க்காமல் வேலை செய்கிறவனுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது குற்றமா? ஒருமுறை தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்திருந்தால் அவனே கண்டுபிடித்திருப்பான். அவன் பார்த்தது தன் கையைத்தான்.

ஒரு மாலை, டீக்கடை வாசலில் சொன்னான். "அப்பாவுக்கும் இப்படித்தான்ணே ஆரம்பிச்சுது. சட்டைப் பித்தான் போட வரல. கை நான் சொல்றதைக் கேக்கலடான்னாரு. கடைசில அம்மாதான் ஊட்டிவிட்டாங்க." தன் வலக்கையை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். டீ முடிகிறவரை யோசித்தேன். பிறகு, "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடு" என்றேன். அக்கறையுள்ள எவனும் சொல்வதுதான்.

டாக்டர் ஒன்றும் இல்லை என்றாராம். முகம் தெளிந்து வந்தான். "நல்லது. ஆனா உங்கப்பாவுக்கு மட்டும் மொதல்லயே தெரிஞ்சுதா என்ன?" என்று கேட்டேன். கேள்விதான் கேட்டேன். தெளிந்த முகம் மறுபடி இருண்டதற்கு நான் பொறுப்பாக முடியுமா?

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவனே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். "எங்கம்மா பட்டது போதும்ணே. இன்னொரு பொண்ணு எதுக்கு?" மறுவாரம் வேலையையும் விட்டான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான்ணே நான் சொன்னதைக் கிண்டல் பண்ணாமக் கேட்டீங்க" என்றான். அது பொய்யில்லை. நான் ஒருநாளும் கிண்டல் செய்ததில்லை.

அவன் இடத்துக்கு வந்த பெண் திரையைப் பார்த்து வேலை செய்கிறவள். வந்த காலையிலேயே எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், ரெண்டு பிளகின் ஒரே கீக்கு அடிச்சுக்குது. யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன். மறைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது என்று அந்த அறையில் இருப்பவர்கள் நினைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் நீங்கள் இப்போது எனக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆமாம், தெரிந்தே செய்தேன். போட்டதும் அணைத்ததும் என் கை. மன்னிப்புக் கேட்டு எழுதித் தரச் சொல்கிறீர்கள், தரமாட்டேன். அவனிடம் உண்மையைச் சொல்லப் போகிறீர்களா, தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். போன வாரம் நான் போயிருந்தேன். அவன் அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். அப்படியும் ததும்பிச் சட்டையெல்லாம் நனைந்தது. வெறும் பயம்தான், பயம் போனால் நடுக்கமும் போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார் என்றாள் அக்கா. டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல கை அப்படி நடுங்காது.

ஆகவே நான் அவனிடம் பொய் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.