கிறிஸ்துமஸ் புத்தகத்துக்குக் குங்குமம்

குற்றாலத்துப் பேரருவியில், பெண்கள் பக்கத்து வரிசையில், எனக்கு முன்னால் இரண்டு பேர் எண்ணெய்த் தலையோடு நின்றார்கள்.

“சாமி கும்பிட்டதுக்குக் கோவிச்சிக்கிட்டு எங்க வீட்டுக்காரவுக ரெண்டு நாளா எங்கூடப் பேசல, மதினி,” என்றாள் இளையவள்.

“என்னட்டி சொல்லுத?”

“விக்டோரியா ராணி காலத்துல, கிறிஸ்துமஸுக்குன்னு சீமையில போட்ட படப் புஸ்தகமாத் தேடித் தேடி வாங்குதாகல்லா? அதுலயும் மொதத் தடவை அச்சடிச்சதுதான் வேணுமாம். சரஸ்வதி பூசைக்கு அத்தனையையும் அடுக்கி, அட்டைக்கு அட்டை சந்தனம் குங்குமம் வச்சிட்டேன்.”

“புஸ்தகம்னா வைக்கத்தானே செய்வாக?”

“கறை பட்டா மதிப்பே போச்சாம். குதிகுதின்னு குதிச்சாக.”

“தொடச்சிர வேண்டியதுதானே?”

“ஈரத்துணியோட போனேன். சாமிக்கு வச்சதை அழிப்பியான்னு அதுக்கும் ஒரு சத்தம்.”

வரிசை நகர்ந்தது. சாரல் முகத்தில் அடித்தது.

“இன்னும் பேசலையா?”

“இன்னைக்குக் காலையில பேசினாக. பீரோவுக்குள்ள ஒரு புஸ்தகம் என் கண்ணுல படாமத் தப்பிச்சிருக்கு. அதை அவுகளே கொண்டாந்து நீட்டுதாக. ‘இது மட்டும் வெறும் நெத்தியா இருக்கு, பாக்க நல்லாவா இருக்கு? பொட்டு வை. ஆனா சின்னதா வை’ன்னாக.”