நூற்று ஐம்பத்திரண்டு ராத்தல்

அன்று காலை விறகு மண்டியின் தராசருகே இருந்தவர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் அய்யா. தாமோதரன் மேஸ்திரி, எங்களைக் குடியாத்தம் பக்கத்திலிருந்து இந்தச் சுரங்கத்துக்குக் கூட்டி வந்தவர். பர்னபாஸ், கம்பவுண்டர், எவ்வளவு புழுக்கமானாலும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றாதவர். தசரதன், தராசுத் தட்டின் மேல். அவன் பெண்டாட்டி கங்கம்மா, மேலே கல் உடைக்கும் வேலைக்குப் போகிறவள். எங்கள் கூட்டுச் சமையலில் சாப்பிடும் ஆட்களில் ஷிப்டு இல்லாத நான்கு பேர், அதில் ஆபிரகாம் ஒருவன். பிறகு நான், முனிரத்தினம், அந்தச் சமையலைச் செய்கிறவன்.

சமையலில் பங்குள்ள நாங்கள் எல்லோரும் காலைக் கூழ் குடித்துவிட்டு வந்திருந்தோம். யாருக்கு எத்தனை கரண்டி ஊற்றினேன் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். அதுதான் என் வேலை.

அதற்கு முன் எட்டு மாதம் நைட் ஷிப்டுக்குப் போனேன். ஒருநாள் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் வந்து நின்றது, எல்லோரும் ஏறினார்கள், நான் ஏறவில்லை. திரும்பி நடந்துவிட்டேன். பயந்துவிட்டான் என்றார்கள். பயம்தான். நான் அதை மறைத்ததில்லை. மேஸ்திரி என்னை ஊருக்குத் துரத்தாமல் அடுப்படியில் விட்டார். பதினோரு பேருக்கு இரண்டு வேளை. காலையில் கூழ், சாயங்காலம் சோறோ களியோ, கொள்ளுச் சாறு, கிடைத்தால் கருவாடு.

அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவனுக்கு யோசிக்க நேரம் உண்டு. நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் பாய்லர் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போடுகிற விறகுக்கு ஏற்ற நீராவி. விறகு குறைந்தால் சக்கரம் தளரும். விறகு போட்டுச் சக்கரத்தை நிறுத்தி வைத்தால் பாய்லர் புடைக்கும். மனித உடம்பும் இதுதான் என்று எனக்குப் பட்டது. தின்றது ஒரு பக்கம், உழைத்தது ஒரு பக்கம், மீதி உடம்பில். இதில் சாமிக்கோ தலையெழுத்துக்கோ இடம் இல்லை. இப்போதும் நான் அதைத்தான் நம்புகிறேன்.

அந்த வருஷம் மழை இல்லை. பூதிகோட்டையிலிருந்து வரும் கேழ்வரகு வண்டிகள் பாதியாகிவிட்டன. கொள்ளு நின்றே போனது. இருந்ததை வைத்து அளந்து போட்டேன். அப்படியும் ஒன்பது நாள் வரவேண்டிய அரிசி மூட்டை ஏழு நாளில் தீர்ந்தது. யாரோ எடுக்கிறார்கள். பதினோரு பேரில் பத்துப் பேருக்கு விலா எலும்பை எண்ணலாம். தசரதன் மட்டும் பருத்துக்கொண்டே போனான். கன்னம் உப்பியது. கெண்டைக்கால் எண்ணெய் தடவியது போல மின்னியது. என்னை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சமைக்கிறவன் உடம்பு வேறு மாதிரி.

ஆட்கள் முதலில் கேலியாகத்தான் பேசினார்கள். "இன்னாபா தசரதா, மாரியாத்தா உனக்கு மட்டும் தனியா பொங்க வெக்கிறாளா?" என்று ஆபிரகாம் கேட்பான். "காத்தத் துன்னுகினு கீறேம்பா, நீயும் துன்னு, காசா பணமா?" என்பான் தசரதன். சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் தன் பங்கில் பாதியைத் துணியில் முடிந்து கூலி லைனில் இருக்கும் தன் தட்டி வீட்டுக்குக் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். கங்கம்மாவுக்கு. கூட்டுச் சமையலில் பெண்களுக்குப் பங்கு கிடையாது. பாதி வயிறு தின்கிறவன் எப்படிப் பருப்பான்? மற்றவர்கள் இதை இரக்கமாகச் சொன்னார்கள். எனக்கு இதுதான் சாட்சியாகப் பட்டது. மீதி எங்கிருந்தோ வருகிறது. அரிசி மூட்டையிலிருந்து வருகிறது.

மேஸ்திரியிடம் சொன்னேன். ஆட்களைக் கூட்டினார். தசரதன் உடனே, "கோயில்ல கற்பூரம் கொளுத்துங்க, கையால அணைச்சு சத்தியம் பண்றேன்" என்றான். அவர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள். ஊரில் அப்படித்தான் தீர்ப்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். நான்தான் வேண்டாம் என்றேன். கையில் கொஞ்சம் ஈரம் இருந்தால் யாரும் கற்பூரத்தை அணைக்கலாம். தராசு அப்படி இல்லை. நிறுத்துவிட்டுப் பூட்டி வையுங்கள், அளந்த சாப்பாடு மட்டும் போகட்டும், பிறகு நிறுத்துப் பாருங்கள் என்றேன்.

மேஸ்திரிக்கு இது பிடித்தது. "இருவத்தோரு நாளு. எடை கொறஞ்சா திருட்டுச் சோத்துல வளந்த ஒடம்பு. லைன வுட்டு ரெண்டு பேரும் கெளம்பிடணும். கொறையலைன்னா அது அவன் ஒடம்புவாகு, எவனும் அப்புறம் வாயத் தொறக்கக்கூடாது. அடிதடி வேணாம். இன்னா சொல்ற தசரதா?"

"நா ரெடிங்க மேஸ்திரி" என்றான் தசரதன். அவனுக்கு வேலையும் வீடும் போய்விடும் என்ற பயம். ஊரில் போய் நிற்க ஒரு குழி நிலம் கிடையாது. "பூட்டுங்க. சும்மா ஒக்காந்து துன்ன கசக்குதா?"

கங்கம்மா மட்டும், "இன்னாத்துக்குப் பூட்டணும்? அவரு இன்னா மாடா?" என்றாள். தசரதன் தட்டின் மேல் ஏறி நின்றான். தராசு நூற்று ஐம்பத்திரண்டு ராத்தல் காட்டியது. மேஸ்திரி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, புது ஆட்களைப் பிடிக்கக் குடியாத்தத்துக்கு ரயில் ஏறிவிட்டார்.

இடம் பழைய வெடிமருந்துக் கிடங்கு. லைனிலிருந்து தள்ளி, பாறைக்குப் பின்னால். கல் சுவர், தகரம் அடித்த கதவு, மேலே ஒரு கையகலத் துவாரம். உள்ளிருந்து கத்தினால் வெளியே கேட்காது. அதற்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. சுவரில் எலி வளை கிடையாது, வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது என்பதற்காகத்தான்.

சும்மா இருப்பவனுக்கு ஷிப்டு போகிறவன் பங்கு தேவையில்லை. பாதி கொடுத்தேன். மூன்று நாளைக்கு ஒருமுறை மண்டிக்கு நடத்திப் போய் நிறுத்தேன். ஆறாம் நாள் நூற்று ஐம்பத்து மூன்று. ஒன்பதாம் நாள் நூற்று ஐம்பத்தைந்து.

தசரதனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாண்ணே, ஏறிகினே கீது. நா திருடலைன்னு தராசே சொல்லிச்சு. இப்பவே தொறந்து வுட்டா இன்னா?"

எடை அப்படியே நின்றிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன் அய்யா. நான் நியாயம் தெரியாதவன் இல்லை. ஆனால் ஏறியது. பாதிச் சாப்பாட்டில் யாருக்கும் எடை ஏறாது. அப்படியானால் யாரோ கொடுக்கிறார்கள். கங்கம்மாவைத் தவிர வேறு யார்? கிடங்கைச் சுற்றிச் சாம்பல் தூவினேன். மறுநாள் பார்த்தால் ஒரே ஆளின் காலடிதான் இருந்தது. என்னுடையது. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். துவாரத்தைக் கல் வைத்து அடைத்தேன். பாதிப் பங்கைக் கால் பங்காக்கினேன்.

பன்னிரண்டாம் நாள் நூற்று ஐம்பத்தெட்டு. அதற்குள் அவனுக்கு மண்டி வரை நடப்பது சிரமமாகிவிட்டது. நாலு அடிக்கு ஒருமுறை நின்றான். வழியில் ஆபிரகாம், "துன்னு துன்னு மூச்சு வாங்குது பாரு, ஜமீன்தாருக்குப் பல்லாக்கு எடுத்தாங்கப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பசித்த ஆட்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். தசரதன் அன்று சிரிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் நூற்று அறுபத்தொன்று. பர்னபாஸ் மண்டிக்கு வந்திருந்தார். தசரதனின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் பிசைந்த மாவு போலக் குழிந்து அப்படியே நின்றது.

"முனிரத்தினம், இங்க பாருங்க. இது சதை இல்ல, தண்ணி. ஒடம்புல சத்து செத்துப்போனா இப்படித்தான் தங்கும். இவரு துன்னு பெருக்கலீங்க. துன்னாமப் பெருத்துகினு கீறாரு. பாலு, முட்டை, ஏதாவது குடுக்கணும். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. இல்லாட்டி மூச்சுக்குத் தொல்லை."

"நாளைக்கு வுட்டுடறேங்க" என்றேன். அது பொய். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தின்னாமல் பெருப்பது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விறகு போடாமல் சக்கரம் வேகமாகச் சுற்றுமா? ஆனால் அவர் படித்தவர். தண்ணீர் என்றார். தண்ணீரும் எடைதானே. அன்று சாயங்காலத்திலிருந்து தண்ணீரையும் அளந்தேன். உச்சியில் ஒரு குவளை, இரவில் ஒரு குவளை. சித்திரை மாதம். தகரக் கதவில் கை வைக்க முடியாது. மூன்றாவது நாள் குவளையை நீட்டியபோது அவன் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நான்தான் எடுத்தேன்னு எழுதிக்கோ. நான்தாண்ணே திருடன். கதவ மட்டும் தொற" என்றான். எனக்கு வேண்டியது அவன் வாய் சொல் அல்ல. தராசு சொல்ல வேண்டும்.

பதினெட்டாம் நாள் தராசு சொன்னது. நூற்று ஐம்பத்தாறு. ஐந்து ராத்தல் இறக்கம். அன்று அவனை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஆபிரகாம் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "மொத நாள விட நாலு ராத்தல் ஜாஸ்திதானேண்ணே கீது? மேஸ்திரி சொன்னபடி பாத்தா அவன் ஜெயிச்சுட்டான்" என்றான். எங்கிருந்து ஆரம்பித்தான் என்பது முக்கியமில்லை, இறங்கிவிட்டான் என்பதுதான் முக்கியம் என்றேன். இன்னும் மூன்று நாள் பாக்கி, தானாகத் தெரியும் என்றேன். அவன் குனிந்து தசரதனின் காலைப் பிடித்துத் தூக்கினான்.

அரிசி மூட்டையைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், தசரதன் உள்ளே இருந்தபோதும் அது ஏழு நாளில்தான் தீர்ந்தது.

சமைக்கிறவன் ருசி பார்க்க வேண்டும் அய்யா. சோறு வெந்ததா என்று ஒரு பிடி. அடிப்பிடித்ததை யாருக்கும் போட முடியாது, அது எனக்கு. பானையைக் கழுவுமுன் ஓரத்தில் இருப்பது எனக்கு. உட்கார்ந்து தட்டில் போட்டுத் தின்றால்தான் சாப்பாடு. நின்றுகொண்டு வாயில் போடுவது வேலையில் சேர்ந்தது. அதை எந்த ஊரிலும் யாரும் அளப்பதில்லை. நானும் அளக்கவில்லை. இரண்டு நாள் அரிசி அதில் போயிருக்கும் என்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அளக்காததைப் பற்றி நான் பேசுவதில்லை.

பத்தொன்பதாம் நாள் இரவே அவன் மூச்சு நின்றுவிட்டது என்று கங்கம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். இருக்கலாம். நான் பார்க்கவில்லை. இருபத்தோராம் நாள் காலையில் மேஸ்திரி ரயிலிலிருந்து இறங்கி, என்னிடம் சாவியை வாங்கிப்போய்த் திறந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நன்றாக இளைத்திருந்தாள். நேர்மையான உடம்பு அப்படித்தான் இளைக்கும். தசரதனுடையது அப்படி இல்லை. இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அவள் எப்படி உள்ளே போனாள் என்பதுதான் மிச்சம். சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நாள் உச்சி வெயிலில் வந்தாள். லைனில் ஆள் இல்லாத நேரம். நான் குவளையோடு கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்தாள்.

"தொறங்கண்ணே. நா கூட்டிகினு போறேன். திருடன்னே வெச்சுக்குங்க, ஊருக்கே போயிடறோம்."

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றேன்.

"அரிசி இன்னும் கொறையுதாமே. ஆளுங்க பேசிக்கிறாங்க. அவரு உள்ள கீறாரு. அப்ப யாரு துன்றா?"

எலி என்றேன்.

"எலியா." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தாள். "அரணாக்கயிறு புதுசா கட்டிகினு கீறீங்க. பழசு எட்டலையா?"

நான் பூட்டைத் திறந்தேன். கோபத்தில் திறக்கவில்லை. தண்ணீர் கொடுக்கும் நேரம், அதனால் திறந்தேன். அவள் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். தசரதன் சுவரோரம் சாய்ந்து கிடந்தான். படுத்தால் மூச்சு வராது என்பதால் இரண்டு நாளாக அப்படியே இருந்தான். அவள் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "இன்னாங்க, நாந்தாங்க. கண்ணத் தொறங்க" என்றாள். அவன் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவள் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"மேஸ்திரி வரட்டும். இவர நெறுத்த தராசுல உங்களையும் ஏத்தச் சொல்றேன்."

நான் வாசற்படியில் நின்று யோசித்தேன். அவனுக்கு இத்தனை நாள் ஊட்டிய கை இப்போது உள்ளேயே இருக்கிறது, வெறுங்கையாக. இனி வெளியிலிருந்து கொடுக்க ஆள் இல்லை. இரண்டு நாளில் எடை சரியாக இறங்கும். அவளும் அவனை விட்டு வரமாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தாள், நான் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. குவளையைப் படிக்கு இந்தப் பக்கம் வைத்தேன். கதவைச் சாத்தி, அவளுக்குப் பின்னால் பூட்டினேன்.