பானையில் வைத்த ஹார்டு டிஸ்க்

இரவு பதினொன்றரை மணி. பழவேற்காட்டுக் கடைத்தெருவைத் தாண்டினால் கோட்டைக்குப்பம் வரை அன்றைக்கு ஒரு விளக்கு இல்லை. ராஜவேலு பைக்கில் தனியாகப் போகிறான். சட்டைக்குள்ளே, வயிற்றோடு செருகி, ஒரு ஹார்டு டிஸ்க். அதற்குக் கரண்டு இல்லை, வயர் இல்லை. ஆனாலும் சுற்றுகிறது... கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்.

நெருங்கி உட்காருங்கள். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். ராஜவேலு நம் எல்லப்பனின் மச்சான். பழவேற்காட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். நல்லவன்தான், இந்த ஒரு விஷயத்தைத் தவிர.

கோட்டைக்குப்பம் பச்சையம்மாவின் மகன் இளவழகன், முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனான். உடம்பு கிடைக்கவில்லை. போனும் அவனோடு போயிற்று. படமெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில். அதுவும் மழையில் கெட்டு, டிஸ்க் மட்டும்தான் மிச்சம். உடம்பு இல்லாதவனுக்குப் படம் வைத்தாவது காரியம் செய்ய வேண்டுமே. டிஸ்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"ஒரே ஒரு போட்டோ எட்த்து குடு நைனா. அவன் மூஞ்சிய பாத்துத்தான் அனுப்பணும்."

ராஜவேலுவின் கம்ப்யூட்டர் பத்து வருடப் பழசு. பக்கத்து மூடியைக் கழற்றி, இரண்டாவது டிஸ்காக இதைச் செருகி, வயர் மாட்டி, ஆன் செய்தான். பார்மட் செய்யவா என்று திரை கேட்டது. தினமும் பத்துப் பென் டிரைவுக்கு 'ஆமாம்' அழுத்திப் பழகிய கை... அழுத்திவிட்டது. டிஸ்க் காலி.

சென்னைக்குக் கொண்டுபோனால் மீட்டுத் தருவார்கள். அது அவனுக்குத் தெரியும். ஆனால் டிஸ்க் புத்தம் புதுசு. அவன் மெஷினிலோ இடமே இல்லை. ஊரார் கல்யாணப் படங்களை அதன் மேலேயே ஏற்றிவிட்டான். பச்சையம்மாவிடம், எப்போதோ செத்துப்போன தன் சொந்த டிஸ்க் ஒன்றைக் கொடுத்தான்.

"உப்புக் காத்து பட்டு துரு ஏறிடுச்சிம்மா. ஒண்ணும் வரல."

அங்கே எதுதான் துருப்பிடிக்காது? நம்பிவிட்டாள். படம் இல்லாததால் அந்த டிஸ்கையே மகனாக நினைத்து, புதுப் பானையில் அவன் சட்டையோடு வைத்து, மஞ்சள் பூசி, பூப்போட்டார்கள். முகத்துவாரத்தில் குப்பமே கதறிக் கடலில் விட்டது. அதைப் படமெடுக்கக் கூப்பிட்டது யாரை? ராஜவேலுவைத்தான். அதே படகில் நின்றான். எல்லாவற்றையும் படமெடுத்தான்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம். ஸ்டுடியோ முழுக்க ஏரிச் சேற்று வாடை. கம்ப்யூட்டர் மூடியைத் திறந்தால் அடியில் தண்ணீர்... விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. டிஸ்கைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அப்போதும் சுற்றியது. பயத்தைவிட வெட்கம்தான் அவனைத் தின்றது. அந்தத் தாய் யாருக்காகவோ அழுதுவிட்டாளே என்று சோறு இறங்கவில்லை.

அதனால்தான் அந்த ராத்திரிப் பயணம். பச்சையம்மா விழித்துத்தான் இருந்தாள். காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. டிஸ்கை வாங்கி மடியில் வைத்தாள். சத்தம் நின்றது.

முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அப்போ... பானையில வச்சி வுட்டமே, அது யாருது?"

"என்னுதும்மா."

"அதுல இன்னா இருந்துச்சி?"

"என் போட்டோதான்... எல்லாம்."

பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ நைனா... உன் போட்டோவ வச்சா ஊரே அழுது அனுப்பிச்சோம்?"

மறுநாள் அந்த டிஸ்கை வைத்து இளவழகனுக்கு மறுபடி காரியம் செய்தார்கள். அதன்பிறகு ஸ்டுடியோவில் சத்தமும் இல்லை, வாடையும் இல்லை. ராஜவேலு ஊரையே படமெடுக்கிறான். தான் மட்டும் எதிலும் நிற்கமாட்டான்.

போன தை மாதம் எல்லப்பன் மகளுக்குக் காதுகுத்து. கையைப் பிடித்து இழுத்து நிற்கவைத்து, நான்தான் என் போனில் எடுத்தேன். உச்சி வெயில், காய்ந்த தரை. படத்தில் மற்றவர்கள் தரையில்தான் நிற்கிறார்கள். ராஜவேலு மட்டும் தண்ணீரில் நிற்கிறான். அன்றைக்கு அது முழங்கால்வரை இருந்தது.

அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

இன்று காலையில் போனில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். கழுத்துவரை வந்திருக்கிறது.