லாமாவுக்கு மரக்கறிச் சாப்பாடு

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாமல் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, கோட்-டெ-நெய்ஜ்ஜ் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, லவால் நகரில் இரண்டு கடையும் ஒரு கல்யாண மண்டபமும் எழுப்பினேன். போன சனிக்கிழமை காரைத் திருத்த விட்டிருந்ததால் பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் நம் ஆட்கள், ஒரு கணவனும் மனைவியும்.

"லாமா ஆட்டுக் கொட்டிலில படுக்கிறது பாவமெண்டு அம்மா அழுகிறா," என்றாள் மனைவி. "மேலறையில பாய் விரிச்சு, மரக்கறியும் சமைச்சு வைச்சிருக்கிறா."

"ஐயோ, மாமி புத்த பிக்கு எண்டு நினைச்சிட்டாவோ? ஒட்டகம் மாதிரி நீட்டுக் கழுத்து மிருகமெண்டு நீர் சொல்லேல்லையே?"

"ஆடுகளுக்குக் காவலாய் ஒரு லாமா எடுக்கிறம் எண்டுதான் சொன்னனான். ஏனப்பா, ரெண்டாய் வாங்கினால் என்ன?"

"ரெண்டெண்டால் தங்களுக்குள்ள சேர்ந்துகொண்டு ஆட்டைப் பாக்காதாம்."

"நீங்களும் உங்கடை தம்பியும் மாதிரி."

"பகிடி விடாதையும். கொயோட்டி நரி எங்கடை ரெண்டு ஆட்டுக்குட்டியைக் கொன்றுபோட்டுது. நாலு மணிக்குள்ள சந்தையடிக்குப் போகாட்டி, விக்கிறவன் லாமாவை வேறை ஆளுக்குக் குடுத்திடுவான்."

மனைவி தாய்க்குப் போன் எடுத்து விளக்கினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்தை வந்ததை இருவரும் பார்க்கவில்லை. நான் மணியை அடித்தேன். பஸ் நின்றது, அடித்துப்பிடித்து இறங்கி ஓடினார்கள். நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

அந்த ஆடுகள் தப்பினால் எல்லாரும் லாமாவைத்தான் புகழ்வார்கள். மணி அடித்தவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.